சுண்டுவிரலுக்கு ஒரு கீபோர்டு

கீபோர்டு வாங்குவதெல்லாம் ஒரு விஷயமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், கையைப் பிடித்து இழுத்துவந்து என் நாற்காலியில் ஒரு வாரம் உட்கார வைப்பேன். வலது கைச் சுண்டுவிரலில் ஆரம்பித்து, மணிக்கட்டின் வெளிப்பக்கமாக ஏறி, முழங்கை வரைக்கும் வலி. தண்ணீர்க் குவளையைத் தூக்கினால் வலி. கதவுக் குமிழைத் திருகினால் வலி. தட்டச்சு செய்தாலோ கேட்கவே வேண்டாம். நானோ தட்டியே பிழைக்கிறவள்.

பெரிய கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. எந்த லாரி எந்த வாசலில் நின்று சரக்கு இறக்க வேண்டும் என்று முடிவு செய்கிற பகுதி என் பொறுப்பு. அலுவலகத்தில் அதற்குப் பெயரே ‘வாசல்’தான். வாசனை சோப்பு ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் பால்பவுடர் வண்டி நிற்கக் கூடாது. உயரமான வண்டி மூன்றாம் வாசலில் நுழையாது. உறைந்த சரக்கு வந்தால் மற்ற எல்லாம் ஒதுங்கி வழிவிட வேண்டும். இப்படி எழுநூற்றுச் சொச்சம் விதிகள். ஏழு வருஷமாக ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. பெற்ற பிள்ளை மாதிரி என்று சொல்ல மாட்டேன். நான் பெற்ற இரண்டும் என்னை இந்த அளவுக்குப் படுத்தியதில்லை.

பிசியோதெரபி பார்க்கிற அம்மா என் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்படியே இன்னும் ஆறு மாசம் போச்சுன்னா பேனா பிடிக்கவும் என்கிட்டதான் வரணும். முதல்ல அந்தக் கீபோர்டைத் தூக்கிப் போடுங்க” என்றார்.

மறுநாள் எங்கள் மேலாளரிடம் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஒருநிமிஷம். “ஒரு நிமிஷம்” என்று சொல்லிக்கொண்டு வந்து நாற்பது நிமிஷம் நிற்பார். கெட்டவர் இல்லை. யாரிடமும் எதையும் நேராகச் சொல்ல வராது, அவ்வளவுதான்.

“அடடா, கீபோர்டுதானே மேடம், எது வேணுமோ வாங்கிக்கோங்க. கம்பெனி கொடுக்கும்” என்றார். பிறகு காதைச் சொறிந்துகொண்டார். “ஆனா ரிலீஸ் வருது பாருங்க. கை ஒத்துழைக்கலைன்னா வாசலைப் பக்கத்து டீம்கிட்ட கொடுத்துட்டு நீங்க மேற்பார்வை மட்டும் பண்ணலாம். ஹாயா இருக்கலாம்.”

ஹாயாவாம்! மேற்பார்வை என்றால் காலையிலிருந்து மாலைவரை மீட்டிங்கில் உட்கார்ந்து தலையாட்டுவது. வாசல் போய்விட்டால் அந்தக் கட்டடத்தில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியாகிற அந்த ரிலீஸுக்கு இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் என் கைக்கு ஒத்துவருகிற ஒரு கீபோர்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வாசல் என் கையை விட்டுப் போகும்.

கடையில் முதலில் கேட்ட கேள்வியிலேயே திணறினேன். “மெக்கானிக்கலா? என்ன ஸ்விட்ச்? நீலமா, சிவப்பா, பழுப்பா?” ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனித்தனியாக ஒரு ஸ்பிரிங் இருக்குமாம். நீலம் சத்தம் போடும், சிவப்பு வழுக்கும், பழுப்பு இரண்டுங்கெட்டான். “நல்லா அழுத்தமா சத்தம் வந்தா, விசை பட்டது தெரியும். ஓங்கிக் குத்த மாட்டீங்க, விரலுக்கு நல்லது” என்றார் கடைக்காரர். நம்பி, நீல ஸ்விட்ச் வைத்த ஒன்றை வாங்கிவந்தேன். பலகை நடுவில் மேடாகி இரண்டு பக்கமும் சரியும்.

மறுநாள் பத்தரை மணிக்குள் பக்கத்து மேசைப் பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. நாங்கள் எழுதுவதையெல்லாம் சோதித்துத் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிட இருபது வயது பெரியது.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க புரோகிராம் எழுதுறீங்களா, கூரை மேய்றீங்களா?”

“கை வலிடி. இதான் நல்லதாம்.”

“உங்க கைக்கு நல்லது, என் காதுக்கு?”

மூன்று நாளில் பின்வரிசையிலிருந்து இரண்டு புகார் வந்தது. கை வலியும் குறையவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு சிவப்பு ஸ்விட்ச் வைத்ததை வாங்கினேன். அது தொட்டாலே பதிகிற ஜாதி. விரலைச் சும்மா மேலே வைத்தால்கூட ஒரு வரி முழுக்க ஒரே எழுத்து ஓடும். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். எழுதியதில் பாதி பிழை. திருத்தித் திருத்திச் சுண்டுவிரல் இன்னும் வீங்கியது.

என் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று லென்ஸ் மாற்றி மாற்றிக் கேட்பதுதான் பிழைப்பு. என் புலம்பல் பொறுக்காமல், பன்னிரண்டு வகை ஸ்விட்சுகளை வரிசையாகப் பதித்த ஒரு சின்னப் பட்டையை எங்கிருந்தோ வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் என்னை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னார்.

“இப்ப சொல்லு. இது சுகமா இருக்கா, இது சுகமா இருக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“என் கடைக்கு வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நல்லா கவனிச்சுச் சொல்லும்மா. இதுவா, இதுவா?”

“என்னங்க, எனக்கு எல்லாமே வலிக்குது. வலிக்காத ஒண்ணு இருந்தா அதைச் சொல்லுங்க!”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று முனகினார். அது என் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குப் பகல் முழுக்க வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. சாயங்காலம் அவரே வந்து, பழுப்பு ஸ்விட்ச் வைத்த ஒரு கீபோர்டின் படத்தைக் காட்டினார். கீபோர்டு இரண்டு துண்டாக இருந்தது. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, நடுவில் ஒரு வயர்.

“இதைப் பாரு. கையைக் குறுக்கிக்க வேண்டியதில்லை. தோள் அகலத்துக்கு விரிச்சு வச்சுக்கலாம். முக்கியமா, சுண்டுவிரலுக்கு வேலையே இல்ல. எண்டர், பேக்ஸ்பேஸ் எல்லாம் கட்டைவிரலுக்கு அடியில வந்துடுது” என்றார். கோபம் இருந்தாலும் அந்த மனுஷன் மூன்று ராத்திரி தூங்காமல் தேடியிருக்கிறார் என்று தெரிந்தது. வாங்கச் சொல்லிவிட்டேன்.

அது வந்த முதல் வாரத்தை நினைத்தால் இன்னும் ரத்தம் கொதிக்கிறது. இருபது வருஷமாக ஆங்கில ‘பி’ (B) எழுத்தை நான் வலது ஆள்காட்டி விரலால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே தெரியாது. இந்தப் புண்ணியவான் ‘பி’யைக் கொண்டுபோய் இடது துண்டில் வைத்திருக்கிறான். ‘பி’ வரும்போதெல்லாம் என் வலது விரல் பாய்ந்துபோய் வெறும் மேசையைக் குத்தும். நகம் உடைந்தது. மணிக்கு நாலு வரி எழுதினேன். சோதனைக்காரி எழுந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

“அக்கா, மேசையில என்ன தேடறீங்க?”

“என் மானத்தை” என்றேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒருநிமிஷத்தின் செய்திகள். தினமும் காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் விசாரிப்பார். “கை எப்படி இருக்கு மேடம்? கஷ்டம்னா வாசலைப் பக்கத்து டீம் பார்க்கலாமா?” படித்ததும் எனக்கு உச்சந்தலை சூடேறும். விரல் வலியையும் பொருட்படுத்தாமல், ‘வாசலைத் தொட்டால் கை இருக்காது’ என்கிற தோரணையில் ஒரு பக்கத்துக்குத் தட்டுவேன். பிறகு அத்தனையையும் அழிப்பேன். பேக்ஸ்பேஸைப் பிடித்து அழுத்தினால் மொத்தமாக அழிந்துவிடும். எனக்கு அது போதாது. ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் கொன்றால்தான் மனசு ஆறும். எல்லாம் அழிந்த பிறகு, மரியாதையாக, “பார்க்கலாம் சார்” என்று அனுப்புவேன். பிடிக்காததைத் தள்ளிப்போட எல்லாரும் சொல்கிற அதே பார்க்கலாம்தான்.

மூன்றாவது வாரத்தில் ‘பி’ பழகிவிட்டது. சுண்டுவிரல் வலி இறங்கிவிட்டது. வாசலில் இருபது விதிகளைத் திருத்தி முடித்திருந்தேன். அப்பாடா என்று உட்கார்ந்தால், வலது கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று ஒன்று. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை! வீட்டுக்கு வந்து கீபோர்டைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். தரையில் எறிய மனம் வரவில்லை.

கணவர் அதை எடுத்துத் துடைத்துவிட்டு, கூடவே வந்த மென்பொருளைத் திறந்து பார்க்கச் சொன்னார். எந்த விசையை எத்தனை முறை அழுத்தினோம் என்று அது எண்ணிவைக்குமாம். “பவர் தெரியாம கண்ணாடி போட முடியுமா? எந்த விசைன்னு தெரிஞ்சா அதை வேற விரலுக்கு மாத்திடலாம்” என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் திறந்தேன். திரையில் என் கீபோர்டின் படம். எல்லா விசைகளும் வெளிர் மஞ்சள். வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரே ஒரு விசை ரத்தச் சிவப்பு. பேக்ஸ்பேஸ். மற்ற எந்த எழுத்தையும்விட அதை மூன்று மடங்கு அழுத்தியிருந்தேன்.

“அக்கா, நீங்க எழுதுறதைவிட அழிக்கிறதுதான் அதிகம்” என்றாள் சோதனைக்காரி தோளுக்கு மேலிருந்து.

“நான் யோசிச்சு எழுதுறவடி. என் புரோகிராம்ல அவ்வளவு அடித்தல் திருத்தல் கிடையாது.”

“அப்ப எங்க அழிக்கிறீங்க?”

மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். பதினொரு மணிக்கு ஒரு மலை, நாலு மணிக்கு ஒரு மலை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மூன்று கீபோர்டை மாற்றியும் போகாத வலி, ஒருநிமிஷத்துக்கு நான் எழுதி அழித்த கடிதங்களால் வந்த வலி. வெட்கமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குப் பதினொரு மணிக்குச் செய்தி எனக்குத் தனியாக வரவில்லை. நாற்பது பேர் இருக்கிற குழுவில் வந்தது. “வாசல் பகுதி திங்கட்கிழமை முதல் பக்கத்து டீமுக்கு மாறுகிறது. இத்தனை காலம் பார்த்துக்கொண்ட மேடத்துக்கு நன்றி. புது டீமுக்கு வாழ்த்துகள்.” கீழே கைதட்டல் படங்கள் வரிசையாக விழுந்தன.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. காதில் கொய்யென்று ஒரு சத்தம். அந்தக் குழுவிலேயே, அந்தப் பெட்டியிலேயே தட்ட ஆரம்பித்தேன். “ஏழு வருஷமா இதை எழுதினது நான். கை வலிக்குதுன்னு சொல்லிக் கீபோர்டு கேட்டேன். என் வேலையைப் பிடுங்கிக்கோங்கன்னு கேட்கல. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாதவங்க எதுக்கு மேலாளர் நாற்காலியில உட்காரணும்?” தட்டி முடித்தேன். மூச்சு வாங்கியது. வழக்கம்போல அழிக்கக் கட்டைவிரலை இறக்கினேன்.

இன்னும் முழுதாகப் பழகாத கீபோர்டு, கண் விசைகளின் மேலேயே இருந்தது. வலது கட்டைவிரலுக்கு அடியில் பேக்ஸ்பேஸும் எண்டரும் ஒட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பத்துப் பதினைந்து குத்து குத்திவிட்டு நிமிர்ந்தால், பெட்டி காலி. அழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதே வேகத்தில், “சரி சார், நல்லது” என்று தட்டி அனுப்பினேன்.

“அக்கா!” என்று அலறினாள் சோதனைக்காரி.

திரையைப் பார்த்தேன். என் சாபம் முழுசும் நாற்பது பேர் முன்னால் கிடந்தது. அதற்குக் கீழே, பவ்வியமாக, ‘சரி சார், நல்லது.’ நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கட்டைவிரலால் கெட்டேன். செய்தியை நீக்கலாம் என்று கையை வைத்தால், அவசரத்தில் எந்த விசை எங்கே என்றே தெரியவில்லை. சோதனைக்காரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “விடுங்கக்கா, எல்லாரும் படிச்சாச்சு” என்றாள்.

“ஒரு நிமிஷம்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன மீட்டிங் அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அழுகிற நிலையில் இருந்தார்.

“ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க? உங்களைக் கேட்காம நான் எதாவது செஞ்சேனா?”

“எப்ப சார் கேட்டீங்க?”

“தினமும் கேட்டேனே! ரெண்டு வேளை கேட்டேனே!” செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். “பாருங்க. ‘வாசலைப் பக்கத்து டீம் பார்க்கலாமா?’ இது நான் கேட்டது. ‘பார்க்கலாம் சார்.’ இது நீங்க சொன்னது. மறுநாளும் கேட்டேன். அதுக்கும் ‘பார்க்கலாம் சார்.’ எழுத்துல சம்மதம் இருக்கேன்னுதான் மேல அனுப்பினேன்.”

விரலால் தள்ளிக்கொண்டே போனார். பார்க்கலாமா, பார்க்கலாம். பார்க்கலாமா, பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு நீண்டது அது. என் வாசலைத் தாம்பூலம் வைக்காத குறையாக நானே தூக்கிக் கொடுத்திருந்தேன்.

“சார், பார்க்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம்!” கத்திவிட்டேன். “யாராவது மேலாளர்கிட்ட வேண்டாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுவாங்களா? பார்க்கலாம்னா, அப்புறம் பார்க்கலாம், இப்ப ஆளை விடுங்கன்னு அர்த்தம். இது ஊர் உலகத்துக்கே தெரியுமே!”

“நான் கேட்டதே பார்க்கலாமான்னுதானே மேடம்! அதுக்குப் பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?”

கண்ணாடிக்கு வெளியே மொத்த அலுவலகமும் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. பக்கத்து டீம் வேற, உங்க புரோகிராமைப் படிச்சா தலையும் புரியல வாலும் புரியலன்னு சொல்றாங்க. நீங்க ஒரு உதவி பண்ணுங்க. எல்லா விதியையும் விளக்கமா எழுதிக் கொடுத்துடுங்க. நாற்பது, அம்பது பக்கம் வரும். கை முடியாதவங்க, மெதுவாவே தட்டுங்க. திங்கட்கிழமைக்குள்ள கொடுத்துட்டா போதும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரல் எழுதக் கை சரியில்லையாம். அதை இன்னொருவருக்குத் தாரைவார்க்க ஐம்பது பக்கம் தட்ட மட்டும் கை சரியாக இருக்கிறதாம்.

“முடியாது சார்” என்றேன்.

“அப்படின்னா... செவ்வாய்க்கிழமை?”

“கிழமையில ஒண்ணும் இல்ல சார். முடியாது. வாசலைக் கொடுக்க மாட்டேன். அது என்னோடது. வலிச்சாலும் நான்தான் எழுதுவேன்.”

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. “நான் மேல என்னன்னு சொல்றது?” என்றார் பரிதாபமாக.

“நான் சொன்னதைச் சொல்லுங்க.”

அவர் கம்பெனி இயக்குநருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டார்கள். “சார், பேசிட்டேன் சார். ஆமா, அந்த மெசேஜ்தான். இல்ல இல்ல, பெரிய பிரச்சினை ஒண்ணும் இல்ல. விளக்கம் எழுதிக் கொடுக்கிறதைப் பத்திக் கேட்டேன்.” என்னை ஒரு பார்வை பார்த்தார். “பார்க்கலாம்னு சொல்றாங்க சார்.”

ஐயோ! மேசைமேல் பாய்ந்து அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். கட்டைவிரல் சுளீரென்றது.

“சார், நான் பார்க்கலாம்னு சொல்லல. முடியாதுன்னு சொன்னேன். வாசல் எனக்கு வேணும். யாருக்கும் கொடுக்க மாட்டேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து, வேறு ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டே பேசுகிற குரல்.

“வேணுமா? அப்ப வச்சுக்கோங்க. உங்களுக்கு வேண்டாம்னு சொன்னாங்கன்னுதானே அவங்களுக்குக் கொடுத்தோம். இதுக்கா ரெண்டு மாசம் இழுத்தீங்க?”

வைத்துவிட்டார். அவ்வளவுதான். மூன்று கீபோர்டு, ஒரு பிசியோதெரபி, வீட்டில் சண்டை, நகம் உடைந்தது, இத்தனைக்கும் ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்திருக்கிறது. போனை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அத்தனை பேரும் பார்க்க, குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

ஒருநிமிஷத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

“ஏன் மேடம் அழறீங்க? அதான் கிடைச்சிடுச்சே?”

“கை வலிக்குது சார்” என்றேன். பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை.